அந்தியோகியாவின் பந்தி

செசரியாவிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய பேதுருவை அங்கிருந்த விசுவாசிகள் ஒரு குற்றச்சாட்டோடு எதிர்கொண்டார்கள். அப்போஸ்தலர் நடபடிகளின் 11ஆம் அதிகாரத்தில் அது பதிவாகியிருக்கிறது. ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவுக்கு ஏன் நற்செய்தி சொன்னாய் என்று அவர்கள் கேட்கவில்லை. அவனுக்கு ஏன் ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னாய் என்றும் கேட்கவில்லை. விருத்தசேதனம் இல்லாதவர்களின் வீட்டுக்குள் போய், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாயே என்பதுதான் வழக்கு. கடவுளின் மீட்பு எல்லா மக்களுக்கும் உரியது என்ற கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் அதிகம் நிற்பதில்லை. கிறிஸ்துவைக் கேள்விப்படாமல் இறந்தவர் என்ன ஆவார், நல்ல இந்துவுக்கோ நல்ல முஸ்லிமுக்கோ மோட்சம் உண்டா என்று மறுமையைப் பற்றிய விசாரணைக்கு உடனே போய்விடுகிறார்கள். அந்த விசாரணை வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேதத்தில் அந்த நம்பிக்கை பிறந்த இடம் வேறு. அது சாப்பாட்டுப் பந்தியில் பிறந்தது. ஏற்கெனவே நம்பியவர்களைத் திருத்துவதற்காகச் சொல்லப்பட்டது. உள்ளே இருப்பவர்களை நோக்கிய அந்த வாக்கை வெளியே இருப்பவர்களைப் பற்றிய தீர்ப்பாக மாற்றிக்கொண்டபோதுதான் திருச்சபை தன் வழியைத் தவறவிட்டது என்பது என் வாதம்.

இந்த வரலாறு பேதுருவுக்கு வெகு முன்பே தொடங்குகிறது. கிறிஸ்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டில், தெக்கோவா ஊரின் மேய்ப்பன் ஆமோஸ் பெத்தேலுக்குப் போய் இஸ்ரவேலரிடம் பேசினான். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து கடவுள் தங்களை விடுவித்தார் என்பதே அந்த மக்களின் பெருமைக்கெல்லாம் அடிப்படை. ஆமோஸ் அந்த அடிப்படையிலேயே கை வைத்தான். பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தவரும் அதே கடவுள்தான், எத்தியோப்பியரும் நீங்களும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான் என்ற பொருளில் பேசினான். பெலிஸ்தரும் சீரியரும் இஸ்ரவேலின் பரம்பரை எதிரிகள். அவர்களுக்கும் ஒரு விடுதலை வரலாறு உண்டு, அதை நடத்தியவரும் உங்கள் ஆண்டவரே என்பது கேட்டவர்களுக்குத் தாங்கக்கூடிய செய்தியாக இருந்திருக்காது. யோனாவின் நூல் இன்னும் ஒரு படி போகிறது. நினிவே அசீரியப் பேரரசின் நகரம், கி.மு. 722இல் சமாரியாவை அழித்து வடநாட்டு இஸ்ரவேலரைச் சிறைப்படுத்திக் கொண்டுபோன பேரரசு அது. அந்த நகரத்துக்குப் போகச் சொன்னபோது யோனா எதிர்த் திசையில் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினான். அவன் பயந்து ஓடினான் என்றுதான் ஞாயிறு பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவனே சொல்லும் காரணம் வேறு. நீர் இரக்கமுள்ளவர், அவர்களை மன்னித்துவிடுவீர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன் என்று அவன் கடவுளிடமே முறையிடுகிறான். கடவுளின் கருணையைப் பற்றிய கோட்பாட்டில் யோனாவுக்கு ஒரு பிழையும் இல்லை. அந்தக் கருணை யாரைச் சேர்கிறது என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. வலக்கை எது இடக்கை எது என்றறியாத ஓர் இலட்சத்து இருபதாயிரம் பேருக்காகவும், கூடவே அந்த ஊரின் கால்நடைகளுக்காகவும் நான் பரிதபிக்கக்கூடாதா என்ற கடவுளின் கேள்வியோடு நூல் நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கதைகளைக் காட்டி, யூதர்கள் குறுகிய மனத்தினர், கிறிஸ்தவமே உலகப் பொதுவானது என்று பேசுவது நெடுங்காலப் பழக்கம். அது அநியாயம். ஆமோசையும் யோனாவையும் எழுதிக் காத்தவர்கள் யூதர்களே. ஆண்டின் மிகப் புனிதமான பாவப்பரிகார நாளின் பிற்பகலில் யோனாவின் நூலை இன்றளவும் ஜெப ஆலயங்களில் வாசிக்கிறவர்களும் அவர்களே. பிற இனங்களின் நீதிமான்களுக்கு வரும் உலகில் பங்குண்டு என்ற நிலைப்பாடு பழைய ராபிகளின் மரபிலேயே இருக்கிறது. தன்மீதே இவ்வளவு கடுமையான விமர்சனத்தைத் திருமறையாக ஏற்று ஓதுகிற சமூகத்தை இளக்காரமாகப் பேசுகிறவன், அந்த விமர்சனம் தன்னை நோக்கி வருவதைத் தட்டிவிடவே பார்க்கிறான்.

இயேசுவின் போதனையும் இதே தடத்தில்தான் போகிறது. நாசரேத்தில், தாம் வளர்ந்த ஊரின் ஜெப ஆலயத்தில், எலியாவின் காலத்துப் பஞ்சத்தில் தீர்க்கதரிசி அனுப்பப்பட்டது சீதோன் நாட்டுச் சாறிபாத் ஊர் விதவையிடம் என்றும், எலிசாவின் காலத்தில் சுத்தமாக்கப்பட்ட குஷ்டரோகி சீரியனான நாகமான் என்றும் அவர் நினைவூட்டினார். அதுவரை வியந்து கேட்டுக்கொண்டிருந்த ஊரார் எழுந்து, அவரை மலை விளிம்பிலிருந்து தள்ளிவிடக் கொண்டுபோனார்கள். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் ஒருவன் வந்து, மீட்கப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தானா என்று கேட்கிறான். நம் காலத்து விவாதங்கள் எல்லாம் கேட்கும் கேள்வி இதுதான். இயேசு எண்ணிக்கை சொல்லவில்லை. இடுக்கமான வாசலுக்குள் நுழைய நீங்கள் பாடுபடுங்கள் என்று கேட்டவன் பக்கமே கேள்வியைத் திருப்பிவிடுகிறார். கதவு அடைக்கப்பட்ட பிறகு வெளியே நின்று தட்டுகிறவர்கள், உம்முடைய முன்னிலையில் சாப்பிட்டோமே, எங்கள் தெருக்களில் போதித்தீரே என்கிறார்கள். அவர்களைத் தெரியாது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அதே நேரத்தில் கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலுமிருந்து ஆட்கள் வந்து பந்தியில் அமர்கிறார்கள். வெளியே நிற்பவர்கள் யாரென்று பாருங்கள். கேள்விப்படாதவர்கள் அல்லர், பழகியவர்கள், கூட உண்டவர்கள். மதுரை–இராமநாதபுரத்திலும் பின்னர் சென்னையிலும் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின், 1989இல் வெளிவந்த தம் நூலில், யார் மீட்கப்படுவார் என்ற கேள்வியைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்வதே தவறு என்று வாதிட்டதற்கு இப்பகுதியும் ஒரு காரணம். அவர் பன்மயவாதி அல்லர். கிறிஸ்துவின் தனித்தன்மையை விட்டுக்கொடுக்காதவர். அவரிடமிருந்து இது வருவதற்கு எடை அதிகம்.

இனி கொர்நேலியுவுக்கு வருவோம். இவனைப் புறவினத்தாரில் மனம் மாறிய முதல் மனிதன் என்பார்கள். கதையைக் கவனித்து வாசித்தால், அதிகம் மாற வேண்டியிருந்தவன் பேதுரு என்பது தெரியும். பேதுரு வருவதற்கு முன்பே கொர்நேலியுவின் ஜெபமும் தர்மமும் கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன என்று தூதன் சொல்கிறான். யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டு மாடியில் பேதுருவுக்குத்தான் மூன்று முறை தரிசனம் காட்ட வேண்டியிருக்கிறது. கொர்நேலியுவின் வீட்டுக்கு அவன் போய்ப் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஞானஸ்நானத்துக்கு முன்பே, ஆவியானவர் அந்த வீட்டார்மேல் இறங்கிவிடுகிறார். திருச்சபை தன் சடங்கோடு போய்ச் சேரும்போது கடவுள் ஏற்கெனவே அங்கே இருந்தார். இவ்வளவையும் கண்ணால் கண்ட பேதுருவே பிறகு அந்தியோகியாவில் தடுமாறினான் என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அங்கே அவன் புறவினத்து விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எருசலேமில் இருந்த யாக்கோபின் பக்கத்திலிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டான். அவனைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும், பர்னபாகூட, ஒதுங்கினார்கள். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவனை முகத்துக்கு நேரே எதிர்த்ததைக் கலாத்தியருக்கு எழுதிய கடிதம் சொல்கிறது. புறவினத்தாருக்கு மீட்பு இல்லை என்று பேதுரு எங்கும் சொல்லவில்லை. உபதேசத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. எழுந்து வேறு பந்திக்குப் போனான், அவ்வளவுதான். நற்செய்தியின் சத்தியத்துக்கு ஏற்ப நடக்கவில்லை என்று பவுல் அதைக் கண்டித்தான்.

விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்ற கோட்பாடு அந்தக் கடிதத்தில் இந்தச் சண்டையை விவரித்த கையோடு வருகிறது. லூத்தர் முதல் சீர்திருத்த மரபு முழுவதும் அதைக் குற்றவுணர்வால் துடிக்கும் தனிமனித ஆன்மாவுக்கான மருந்தாக வாசித்தது. சுவீடன் நாட்டு லுத்தரன் அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில், பவுல் தேடிய விடை அந்தக் கேள்விக்கானது அன்று, யூதரும் புறவினத்தாரும் எப்படி ஒரே மக்களாவது என்ற கேள்விக்கானது என்று காட்டினார். ஸ்டெண்டால் ஒருபக்கமாகச் சாய்ந்தார் என்போர் உண்டு. பவுலிடம் பாவத்தைப் பற்றிய ஆழ்ந்த வேதனையும் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தியோகியாவை அகற்றிவிட்டுக் கலாத்தியரை வாசிக்க முடியாது என்ற அளவில் அவர் சொன்னது நிற்கிறது.

திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற புகழ்பெற்ற வாக்கு இந்தப் பின்னணியில்தான் எடைபோடப்பட வேண்டும். 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அதை எழுதியபோது, அவர் எதிரே இருந்தவர்கள் சபையைப் பிளந்துகொண்டு போன கிறிஸ்தவர்கள். குடும்பத்துக்குள் சொன்ன எச்சரிக்கை அது. 6ஆம் நூற்றாண்டில் ருஸ்பே ஆயர் புல்ஜென்சியுஸ் அதையே யூதர், பிற சமயத்தார் எல்லார்மீதும் விரித்தார். 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் அவருடைய வாசகத்தை ஆணையாகவே வெளியிட்டது. நற்செய்தி உலகின் எல்லாத் திசைகளுக்கும் போய்விட்டது, இனியும் ஏற்காதவர்கள் வேண்டுமென்றே ஏற்காதவர்கள் என்ற ஐரோப்பிய எண்ணம் அதன் பின்னால் இருந்தது. ஐம்பதே ஆண்டுகளில், 1492இல், அந்த எண்ணம் கடலில் கரைந்தது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகக் கிறிஸ்துவின் பெயரையே கேட்டிராத மக்கள் அமெரிக்கா என்ற கண்டம் நிறைய இருந்தார்கள். சலமான்காவின் தொமினிக்கத் துறவி பிரான்சிஸ்கோ தே வித்தோரியா 1539இல் ஆற்றிய விரிவுரையில், கேள்விப்படாதவர்களின் அவிசுவாசம் பாவமாகாது என்றார். அதோடு நிற்கவில்லை. அற்புதங்களையும் தூய வாழ்வையும் அவர்கள் முன் வைத்ததாக எனக்குச் செய்தி இல்லை, கொடுமைகளையும் இடறல்களையும் பற்றித்தான் கேள்விப்படுகிறேன், இப்படி அறிவிக்கப்பட்டதை அவர்கள் ஏற்காததற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா என்ற தொனியில் வினவினார். வாக்கு மறுபடியும் உள்ளே திரும்பிய தருணம் அது. அந்த நூற்றாண்டு அதைக் கேட்கவில்லை.

1940களில் பாஸ்டன் நகரில் லெனர்ட் ஃபீனி என்ற பாதிரியார் பழைய வாக்கை எழுத்துப்படி போதித்தார். 1949இல் ரோம் அவருடைய விளக்கத்தைத் தவறென்று மடல் எழுதியது. ரோமின் அழைப்புக்கு இணங்காததால் 1953இல் அவர் சபைவிலக்கம் செய்யப்பட்டார். 1964 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி மனசாட்சிப்படி வாழ்கிறவர் மீட்படைய முடியும் என்று திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் 16ஆம் பத்தியில் அறிவித்தது. இதை எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். இரண்டு பத்திகளுக்கு முன்பு, 14இல், திருச்சபைக்குள் இருந்தும் அன்பில் நிலைத்திராதவர் மீட்கப்படுவதில்லை, அவர் உடலால் மட்டுமே உள்ளே இருக்கிறார், கடுமையான தீர்ப்புக்கு உள்ளாவார் என்று சங்கம் சொன்னதை மிகச் சிலரே சொல்கிறார்கள். வெளியே இருப்பவர்களுக்குக் கதவைத் திறந்த தாராளம் நம்மைப் பெருமைப்படுத்துகிறது. உள்ளே நோக்கிய வாசகம் பெருமைப்படுத்துவதில்லை. ஆவணத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இயேசுவைத் தவிர வேறொருவராலும் மீட்பில்லை என்று பேதுருவே சொல்லியிருக்கிறானே, அதை என்ன செய்வது? அதை மழுப்பினால் கிறிஸ்தவ விசுவாசம் எஞ்சாது, நான் மழுப்பப்போவதில்லை. ஆனால் அந்தச் சொல் யாரிடம் சொல்லப்பட்டது? சப்பாணி ஒருவன் நடந்ததற்காகப் பேதுருவையும் யோவானையும் கைதுசெய்து விசாரித்த ஆலோசனைச் சங்கத்திடம், இயேசுவைத் தள்ளிய அதிகாரத்திடம். மீட்பு யாரால் வருகிறது என்பதற்கு அது பதில். யார்வரை போய்ச் சேரும் என்பதற்கு எல்லை அதில் வரையப்படவில்லை. அந்த எல்லை எங்கே என்பதைச் சரியாக ஆறு அதிகாரங்கள் தள்ளி, கொர்நேலியுவின் வீட்டில், பேதுரு கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மீட்பவர் ஒருவரே என்பதும் அவருடைய கை நம் கைக்குள் அடங்காது என்பதும் ஒரே விசுவாசம்தான். முடிவில் எல்லாருமே மீட்கப்படுவார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டால், முடியாது, எதிர்நோக்கலாம். நிசாவின் கிரகோரி முதல் 20ஆம் நூற்றாண்டின் பால்தசார் வரை அப்படி எதிர்நோக்கியவர்கள் திருச்சபைக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள்.

வேறு சமயத்தவரின் பக்கமிருந்து வரும் மறுப்பு எனக்கு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இறையியலாளர் கார்ல் ரானர், கிருபைக்கு இணங்கி வாழும் பிற சமயத்தாரைப் பெயரறியாக் கிறிஸ்தவர்கள் என்றார். அவரது நோக்கம் பரந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை அவர் கேட்காமலே உறவினராக்கி, அவருக்குத் தெரியாத பெயரில் அழைப்பது மரியாதை ஆகுமா? இன்னோர் இறையியலாளரான ஹான்ஸ் கியூங் இதைத்தான் கண்டித்தார், கண்டித்தது சரி. வேதம் இந்த வேலையைச் செய்வதில்லை. நாகமான் யோர்தானில் மூழ்கிச் சுத்தமாகிச் சீரியாவுக்கே திரும்பினான். என் எஜமான் என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதை மன்னிக்க வேண்டும் என்றான். எலிசா விளக்கம் கேட்கவில்லை; சமாதானத்தோடே போ என்றான். அவனுக்கு இஸ்ரவேலன் என்று பெயர் சூட்டவும் இல்லை. 1938 டிசம்பரில் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், அனைத்துலக மிஷனரி மன்றம் கூடியபோது, நற்செய்திக்கும் சமயங்களுக்கும் தொடர்ச்சியே இல்லை என்ற ஹென்ட்ரிக் கிரேமரின் நூல் விவாதத்துக்கு வந்தது. சென்னையில் வாழ்ந்த பா. செஞ்சையாவும் வெங்கல் சக்கரையும் அவர்களுடைய நண்பர்களும் அதை மறுத்து எழுதினார்கள். இரண்டு தரப்பிலும் சிந்தனையின் தரம் உயர்ந்தது. ஆனாலும் விவாதத்தின் மையம் சமயங்களுக்கிடையே இருந்த கோடு. அதே ஊர்ச் சபைகளுக்குள் ஓடிய கோடு இன்னும் பழையது, இன்னும் ஆழமானது.

அதைப் பேசாமல் தமிழில் இந்தப் பொருளை எழுத முடியாது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றாகக் கைவிடப்பட வேண்டுமென்று மடல் விடுத்தார். தனித்தனியாக உட்காருவதும், திருவிருந்தில் முன்பின்னாக வருவதும் அதுவரை தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வழக்கம். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெருங்கவிஞரே அவர்களுக்காக வழக்காடி எழுதியவர். பிறகு அவர்களில் சிலர் சாதி விஷயத்தில் மென்போக்குக் காட்டிய லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். அம்மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர், தமிழரை மதித்தவர். சாதி ஒரு சமூக ஏற்பாடு, ஆணையால் உடைக்கக் கூடாது, நற்செய்தி உள்ளிருந்து மெதுவாகக் கரைக்கும் என்பது அவரது நிலை. இதை வெறும் சாக்கு என்று ஒதுக்க மாட்டேன். ஆள வந்த ஆங்கிலேயர் தம் மேசையில் இந்தியரை உட்காரவைக்காமலே இந்தியருக்குச் சமத்துவம் போதித்ததை அவர் தரப்பு சுட்டியதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்தியோகியாவில் பேதுருவும் இதையேதான் சொல்லியிருக்க முடியும். எருசலேமிலிருந்து வந்தவர்களின் மனம் நோக வேண்டாம், உணவு வழக்கம் சமூக ஏற்பாடுதானே, காலப்போக்கில் சரியாகும் என்று. பவுல் அவகாசம் கொடுக்கவில்லை. பொறுமையின் விலையை யார் கொடுக்கிறார் என்பதை அவன் பார்த்தான். எழுந்துபோனவன் கொடுக்கவில்லை, பந்தியில் தனியே விடப்பட்டவன் கொடுத்தான். கத்தோலிக்கர் பக்கத்தில் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பாராமல் வழிபட இரண்டு கால்களாகக் கோவிலே கட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பு நீக்கப்பட்டபோது, வெள்ளாளர் அதை உரிமையாகக் கேட்டு வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கிறிஸ்தவராக மாறிய தீண்டப்படாதவரின் நிலையை ஆராய்ந்த அம்பேத்கர், சாதியை உடைக்காத மதமாற்றம் அவருக்கு எதைத் தந்தது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இறையியல் நூல்களில் பதில் தேடுவதில் பயனில்லை.

இது மீட்பைச் சமூகச் சீர்திருத்தமாகச் சுருக்குவது என்று சிலர் சொல்வார்கள். சுருக்குவதாக இருந்தால் அதை முதலில் செய்தவன் பவுல். பந்தியைவிட்டு எழுந்ததை அவன் ஒழுக்கக் குறைவென்று சொல்லவில்லை, கிறிஸ்து வீணாக மரித்தார் என்றாகிவிடும் என்ற இடம்வரை வாதத்தைக் கொண்டுபோனான். எல்லாருக்கும் மீட்பு உண்டென்றால் நற்செய்திப் பணி எதற்கு என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். பேதுரு செசரியாவுக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. போகாவிட்டால் கொர்நேலியு கிறிஸ்துவின் பெயரைக் கேட்டிருக்க மாட்டான், பேதுரு கடவுளின் அளவை அறிந்திருக்க மாட்டான். மற்ற மக்களின் மறுமையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் தரப்படவில்லை. நம் பந்தியைப் பற்றித் தரப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்கும் சுவர்கள் இன்னும் நிற்கும் பங்குகள் உண்டு. அந்தப் பங்குகளின் மக்களுக்கும் குருக்களுக்கும் ஆயர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன், அவற்றை இடித்துவிடுங்கள்.